முன்னாடி மட்டும் பாத்துட்டுப் போயிராதீங்க

திருநெல்வேலி மாவட்டம் காருகுறிச்சி பக்கத்துல ஒரு ஊர்ல மண்பாண்டம் செய்யுற வேளார் தாத்தா ஒருத்தர் மண்ணுல ஒரு வில்லுப்பாட்டு செட்டே செஞ்சு வச்சிருக்காவ. அஞ்சு ஆளு, வில்லு, குடம், உடுக்கு, தாளம், கட்டைன்னு எதையும் விடல. ஒவ்வொரு ஆளும் சம்மணம் போட்டு உக்காந்த வாக்குல ஒரு சாண் உசரம் இருக்கும். அதப் பாத்ததுல இருந்து யாரப் பாத்தாலும் அதப் பத்தியே பேசிட்டுத் திரியுதேன், வீட்ல எல்லாருக்கும் காது புளிச்சுப் போச்சு, அதான் எழுதிருவோம்னு உக்காந்துட்டேன். தாத்தா பேரு போடல. கேட்டதுக்கு "பேரு எதுக்கு தாயி, பொம்மையப் பத்தி எழுது, போதும்"னுட்டாவ. சரி, பொம்மையப் பத்தியே எழுதுதேன்.

நம்ம பக்கம் கோயில் கொடை பாத்து வளந்தவங்களுக்கு வில்லுப்பாட்டு செட்டு எப்பிடி உக்காரும்னு சொல்ல வேண்டியதில்ல, வெளியூர்க்காரங்களுக்காக கொஞ்சம் சொல்லிருதேன். நடுவுல பெரிய வில்லு, படுத்த வாக்குல இருக்கும், நாண் மேல, வளைஞ்ச கம்பு கீழ, அந்தக் கம்புல வரிசையா வெண்கல மணி தொங்கும். வில்லுக்கு நடுவுல மண் குடத்தச் சேத்துக் கட்டியிருப்பாவ, குடம் உருளாம இருக்க அடியில வைக்கோப்புரி. அண்ணாவி ரெண்டு கையிலயும் வீசுகோல் வச்சு நாண்ல அடிச்சுக்கிட்டே கத சொல்லிப் பாடுவாவ, குடக்காரர் பத்திங்கிற தட்டையான மட்டையால குடத்து வாயில அடிப்பாவ, உடுக்கு ஒரு பக்கம், தாளமும் கட்டையும் இன்னொரு பக்கம், பின்பாட்டும் இவியதான். சொடலமாடன் கதையில சாமி வாற கட்டம் நெருங்க நெருங்க அடி வேகம் கூடும் பாருங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு பாதித் தூக்கத்துல இருக்கிற பிள்ளைகூட எந்திச்சு உக்காந்துரும்.

தாத்தா செஞ்சிருக்கிறது அந்த வேகம் கூடுற நேரத்ததான். சும்மா உக்காந்து போட்டோக்கு போஸ் குடுக்கிற அஞ்சு பேர் இல்ல. அண்ணாவி வாயத் தொறந்துருக்காவ, உள்ள எட்டிப் பாத்தா நாக்கு மேல்வாயத் தொட்டு நிக்குது, கீழ்ப்பல்லு வரிசை தெரியுது, ஒரு பல்லு கொஞ்சம் கோணல். கழுத்துல ரெண்டு நரம்பு பொடைச்சு நிக்குது, அதுல ஒண்ணு மத்ததவிட தடிமன். ஏன் அப்பிடின்னு கேட்டேன், "தலைய ஒரு பக்கமா சாச்சுல்லா பாடுதாரு, சாயுற பக்கம் அமுங்கிரும், எதிர்ப்பக்கம்தான் இழுக்கும்"னாவ. நான் கண்ணாடி முன்ன நின்னு தலையச் சாச்சுப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு.

குடக்காரருக்கு ஒரு தோள் எறங்கியிருக்கு. உடுக்குக்காரருக்கு எடது கன்னம் மட்டும் லேசா வீங்கியிருக்கு, என்ன தாத்தா இதுன்னு கேட்டா வெத்தல அடக்கி வச்சிருக்காவளாம்! தாளக்காரர் பையன், வயசு பதினஞ்சு பதினாறு இருக்கும், மத்த நாலு பேரும் பாட்டுல இருக்காவ, இவன் மட்டும் அண்ணாவி வாயையே பாத்துட்டு இருக்கான், எந்த எடத்துல தாளம் மாறும்னு தெரியாம பயந்துக்கிட்டு. மண்ணுல பயத்த எப்பிடிக் கொண்டு வர முடியும்னு அந்தப் பையன் முகத்தையே ரொம்ப நேரம் பாத்தேன், புருவம் கொஞ்சமா மேல ஏறியிருக்கு, கீழ் உதட்ட உள்ள இழுத்து வச்சிருக்கான், அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல. ஒரு ஈக்குச்சி மொனையால கீறுன கீறல்தான் அந்தப் புருவம்.

இதெல்லாம் முன்பக்கம். நான் எழுத வந்ததே பின்பக்கத்தப் பத்தித்தான்.

பொம்மைய எடுத்து திருப்பிப் பாருங்கன்னு தாத்தாதான் சொன்னாவ. திருப்புனா, அண்ணாவி முதுகுல நடுத்தண்டு பள்ளமா ஓடுது, ரெண்டு பக்கமும் தோள்பட்ட எலும்பு, வலது கைய ஓங்கியிருக்கதால வலது எலும்பு மேல ஏறி நிக்குது, எடது எலும்பு கீழயே இருக்கு. இடுப்புல துண்டக் கட்டியிருக்காவ, அந்த முடிச்சுல ஒரு முனை உள்ள சொருகியிருக்கு, ஒரு முனை வெளிய தொங்குது. குடக்காரருக்கு பின்கழுத்துல சதை மடிப்பு. சம்மணம் போட்ட காலுக்குக் கீழ உள்ளங்கால் தெரியுமில்லா, அதுல வெடிப்பு இருக்கு, வயக்காட்டுல நடந்த காலு. ஒரு மேசையில சுவரோரமா வச்சா இதுல ஒண்ணுகூட யாருக்கும் தெரியப் போறதில்ல. "யாருக்கும் தெரியாதே தாத்தா, பின்ன எதுக்கு இம்புட்டு வேலை"ன்னேன். தாத்தா சிரிக்கல, யோசிக்கவும் இல்ல, "முதுகு சரியா இல்லன்னா கை சரியா வராது"ன்னாவ. அப்புறம்தான் வெளங்குச்சு. ஓங்குன கை முன்பக்கம் இருந்து பாக்கும்போது நெசமா ஓங்குன மாதிரி தெரியுறதே அந்த எலும்பு மேல ஏறி நிக்கிறதாலதான். நம்ம கண்ணுக்கு எலும்பு தெரியாது, ஆனா கையில ஏதோ ஒரு உசுரு இருக்குன்னு மட்டும் தெரியும். நாம சிலையப் பாத்து "அப்பிடியே உசுரோட இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிருதோம், அந்த உசுரு எந்த எடத்துல இருந்து வருதுன்னு திருப்பிப் பாக்குறதே இல்ல.

எப்பிடிச் செய்யுதாவன்னு உக்காந்து பாத்தேன், அதையும் சொல்லிருதேன், ஏன்னா செய்முறை தெரிஞ்சாத்தான் இந்த வேலையோட அருமை புரியும்.

மண்ணு குளத்து மண்ணு. அத வெயில்ல காய வச்சு, உடைச்சு, சலிச்சு, கல்லு வேர் எல்லாம் பொறுக்கிட்டு தண்ணியில ஊறப் போடணும். அப்புறம் நைசு மணல் சேத்து காலால மிதிக்கணும். மணல் எதுக்குன்னா வெறும் களி காயும்போது ரொம்ப சுருங்கி வெடிச்சிரும், மணல் இருந்தா தாங்கும். மிதிக்கிறது தாத்தா வீட்டு ஆச்சி. சுவத்துல ஒரு கைய ஊனிக்கிட்டு குதிகாலால ஓரத்துல இருந்து நடுவுக்கு, திருப்பியும் நடுவுல இருந்து ஓரத்துக்கு, சுத்திச் சுத்தி மிதிக்காவ. கால்ல ஒரு சின்னக் கல்லு தட்டுனாலும் நின்னு குனிஞ்சு எடுத்து வீசிட்டுத்தான் அடுத்த மிதி. ஒரு அரிசி அளவு கல்லு மூக்குல மாட்டுச்சுன்னா மூக்கு போச்சு.

உடம்பு மட்டும் சக்கரத்துல. அடியில தொறந்த ஒரு குழா மாதிரி இழுத்துக்கிட்டு, அது பச்சையா இருக்கும்போதே உள்ள ஒரு கைய விட்டு வெளிய ஒரு கைய வச்சு நெஞ்சையும் வயித்தையும் தள்ளி எடுக்காவ. அதனால பொம்மை உள்ள வெறும் கூடு. எல்லா எடத்துலயும் ஒரே தடிமன் இருக்கணும், இல்லன்னா ஒரு பக்கம் முந்திக் காஞ்சு சுருங்கி இன்னொரு பக்கத்த இழுத்துக் கிழிச்சிரும். அளக்க ஒண்ணும் வச்சுக்கிடல, பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அளவு. கையும் காலும் மண்ண உருட்டி, ஒட்டுற எடத்துல ரெண்டு பக்கமும் கீறிவிட்டு, கூழு மாதிரி கரைச்ச மண்ணத் தடவி ஒட்டுதாவ. முகம் கடைசி. அதுக்கு ஆயுதம் என்னன்னு கேட்டீங்கன்னா தென்னை ஈக்கு, மூங்கில் சிம்பு, பழைய குடைக்கம்பி ஒண்ணத் தட்டையா தட்டுனது, உடைஞ்ச கண்ணாடி வளையல் துண்டு, அவ்வளவுதான். வளையல் துண்டு கண்ணிமைக்கு. அந்த வளைவு அப்பிடியே இமைக்கு வந்துருது.

என்னைய ரொம்பக் கவர்ந்தது விரலுதான். உடம்பு தடிமனா இருக்கு, விரல் ஒல்லி, அப்பம் விரல் முந்திக் காஞ்சிரும், காஞ்சா கணுவுல விட்டுப் போகும். அதனால ஒவ்வொரு பொம்மைக்கும் கையில ஈரத் துணியச் சுத்தி வச்சிருக்காவ. அஞ்சு பேரும் கையில கட்டுப் போட்டுக்கிட்டு நிழல்ல வரிசையா உக்காந்திருக்காவ, ஆச்சி வந்து வந்து சொட்டுச் சொட்டா தண்ணி விட்டுட்டுப் போறாவ, உடம்பு பையப் பையக் காயக் காய துணியக் கொஞ்சம் கொஞ்சமா தளத்துதாவ. காஞ்ச பிறகு ஆத்துக் கூழாங்கல்லு ஒண்ண வச்சு தேச்சுத் தேச்சு மெருகு ஏத்துறதும் ஆச்சிதான். நெத்தி, மூக்கு, தோள், முழங்கால், இப்பிடி வெளிச்சம் விழுற எடத்துல மட்டும் தேய்க்காவ, வேட்டி மடிப்புலயும் துண்டுலயும் தேய்க்கல. அதனால வேத்து வடியுற ஆளு மாதிரி தோலு மினுங்குது, துணி துணியா இருக்கு. பெயின்ட் ஒரு சொட்டு கிடையாது. ஊருக்குள்ள தாத்தா செஞ்ச பொம்மைன்னுதான் சொல்லுதாவ, பாதி வேலை ஆச்சி வேலை, இத தாத்தாவே என்கிட்ட ரெண்டு மூணு தடவ சொன்னாவ.

சூளை வேற கத. பச்ச மண்ணு எவ்வளவு காஞ்சாலும் தண்ணியில போட்டா திரும்ப சேறாயிரும், ஏறத்தாழ 600 டிகிரிக்கு மேல சூடு போனாத்தான் மண்ணோட குணமே மாறி இனிமே கரையாதுங்கிற நெலைக்கு வரும். தாத்தாகிட்ட தெர்மாமீட்டர் ஒண்ணும் இல்ல. நெருப்போட நெறத்தப் பாத்துத்தான். முதல்ல வெறும் பொக மூட்டம், மணிக்கணக்கா, உள்ள இருக்கிற ஈரம் பைய வெளிய வரணும். அவசரப்பட்டு விறக அள்ளிப் போட்டா ஈரம் ஆவியாகி வெளிய வர வழி தேடும், வழி கெடைக்கலன்னா உடைச்சுக்கிட்டு வரும். பொம்மைகளத் தனியா நெருப்புல காட்டாம பெரிய பெரிய பானைக்குள்ள உக்கார வச்சு அந்தப் பானைகளச் சூளையில அடுக்குதாவ, நேரா தீ படாம சூடு மட்டும் ஏறணும்னு. மேல வைக்கோல், அதுக்கு மேல மண்ணுப் பூச்சு. சூளை ஆறுற வரைக்கும் தொறக்கக் கூடாது, ஆசையில தொறந்து காத்து பட்டா பட்டுன்னு விட்டுரும். கைவேலை எவ்வளவு சுத்தமா இருந்தாலும் கடைசியில இந்த ஒரு ராத்திரிய நம்பித்தான் இருக்கு. இந்த செட்டுல கட்டை வாசிக்கிற ஆளு ரெண்டாவது ஆளு, முதல் ஆளு சூளையில போயிட்டாராம், தாத்தா அத என்னமோ சொந்தக்காரன் போன மாதிரிதான் சொன்னாவ.

அஞ்சு பேரும் செவப்பு, குடம் மட்டும் கறுப்பு. அதுக்குக் கறுப்பு சாயம் பூசல. மண்ணுல இருக்கிற இரும்புச் சத்து, காத்து நல்லா கெடைச்சு வெந்தா செவக்கும், காத்து இல்லாம பொகையில வெந்தா கறுத்துரும். அதனால குடத்த மட்டும் ஒரு பானையில வச்சு உமியப் போட்டு நெரப்பி வாயை மூடி தனியா சுட்டுருக்காவ. அந்தக் குடத்துக்கு ஏன் இவ்வளவு தனி கவனம்னா, தாத்தா நெசமாவே வில்லுப்பாட்டுக்குக் குடம் செஞ்சு குடுக்கிறவுக. சமையல் பானையும் வில்லுக் குடமும் ஒண்ணு இல்ல, வில்லுக் குடம் ராத்திரி முழுக்க அடி வாங்கணும், கழுத்துலயும் வாயிலயும் கனம் சரியா இருந்தாத்தான் அந்த 'கும்'முனு சத்தம் எழும்பும். வேண்டாதவங்களுக்கு அது வெறும் பானை, குடக்காரருக்கு அது வாத்தியம், பத்துக் குடத்தத் தட்டிப் பாத்து ஒண்ண எடுத்துட்டுப் போவாவளாம். பொம்மைக் குடம் எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கு, ஆனா நெசக் குடத்துக்கு எங்கெங்க கனம் வைப்பாவளோ அதே எடத்துல கனம் வச்சிருக்காவ. நான் நகத்தால தட்டிப் பாத்தேன். சின்னதா, ஆனா தெளிவா ஒரு சத்தம் வருது.

வில்லு மட்டும் மண்ணுல வராது, அவ்வளவு நீளத்துக்கு ஒல்லியா போனா நிக்காதுன்னு மூங்கில் சிம்ப சூடு காட்டி வளைச்சு நூலு கட்டியிருக்காவ. மணியெல்லாம் மண்ணு, மொளகு அளவு, ஒவ்வொண்ணுலயும் ஓட்ட போட்டு நூலுல கோத்து தொங்க விட்டுருக்காவ.

தாத்தாவ ஒரு நாள் கிருஷ்ணாபுரத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். திருநெல்வேலியில இருந்து திருச்செந்தூர் ரோட்டுல போனா வரும், வெங்கடாசலபதி கோயில், நாயக்கர் காலத்துக் கட்டடம், 16-ஆம் நூற்றாண்டு. தெரியாதவங்க இருக்க மாட்டாங்க, ஆனா திருச்செந்தூர் போற அவசரத்துல எத்தன பேரு அந்த ஊர்ல எறங்காமலே போயிருதோம்! உள்ள தூண் தூணா ஆளு உசரத்துக்கு சிலை, ராஜகுமாரியத் தோள்ல தூக்கிட்டுப் போற குறவன், ராஜகுமாரனத் தூக்கிட்டுப் போற குறத்தி, நாகாஸ்திரத்தோட கர்ணன், அர்ச்சுனன், பீமன், அன்னத்து மேல ரதி, கரும்பு வில்லோட மன்மதன். எல்லாம் தூணும் சிலையும் ஒரே கல்லு.

வந்த கூட்டம் பூரா சிலைங்க முகத்தப் பாத்துட்டு இருக்கு, தாத்தா மட்டும் குறத்தி கால்மாட்டுல குத்த வச்சு உக்காந்துட்டாவ. காலையே பாக்காவ. தோள்ல ஒரு முழு ஆளத் தூக்குனா பாரம் எங்க எறங்கும், இடுப்பு எந்தப் பக்கம் தள்ளும், எந்தக் கால் தாங்கும், எந்தக் கால் சும்மா இருக்கும், அத அந்தக் கல்தச்சர் தெரிஞ்சுதான் செஞ்சிருக்காருன்னு விரல நீட்டி நீட்டிக் காட்டுனாவ, தொடாம. அப்புறம் எந்திச்சு தூணுக்கும் சிலைக்கும் நடுவுல இருக்கிற சந்துல தலைய விட்டுப் பாத்தாவ. அந்த எடத்துல வெளிச்சமே இல்ல, உளி போறதே கஷ்டம், அங்கயும் நகையும் உடுப்பு மடிப்பும் விடாம ஓடுது. தாத்தாவுக்கு அதுலதான் சந்தோஷம். "நம்ம வேலை ஒட்டி வளக்கிற வேலை தாயி, தப்புன்னா எடுத்துட்டு வேற மண்ணு வைக்கலாம். இவிய வேலை கழிச்சு எடுக்கிற வேலை, ஒரு சில்லு கூடப் போச்சுன்னா போனதுதான், எம்புட்டு நிதானம் வேணும்"னு சொல்லிட்டு, கொஞ்ச நேரங்கழிச்சு, "ஆனா இவியளுக்கு சூளை கெடையாது"ன்னாவ. ரெண்டு தொழிலுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் இந்த ரெண்டு வாக்கியத்துக்குள்ள வந்துருச்சு.

ஒரு விஷயம் இந்த எடத்துல கேட்டுக்கிடுதேன். கிருஷ்ணாபுரத்துலயும் சரி நம்ம நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்லயும் சரி, காசையும் சாவியையும் வச்சுத் தட்டிப் பாக்காதீங்க. கல்லுல சத்தம் வருதுங்கிறது பெரிய அதிசயந்தான், பெரிய தூணச் சுத்தி சின்னச் சின்ன தூணா ஒரே கல்லுல கடைஞ்சு ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு சத்தம் வர மாதிரி செஞ்சவங்கள என்ன சொல்லிப் பாராட்டுறதுன்னே தெரியல. ஆனா வாறவங்க போறவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு தட்டு தட்டுனா எத்தன வருஷம் தாங்கும்? கண்ணால பாருங்க, சுத்தி வந்து பாருங்க, குனிஞ்சு பாருங்க. தட்டாதீங்க.

அதே ரோட்டுல இன்னும் கொஞ்ச தூரம் போனா ஆதிச்சநல்லூர். 1876-ல ஜாகர்னு ஜெர்மன்காரர் தோண்டிப் பாத்தாரு, அப்புறம் 1899-ல இருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரீ. முதுமக்கள் தாழி, இரும்பு ஆயுதம், தங்கப் பட்டம், வெண்கலத்துல மூடி மேல எருமை ஆடு பறவைன்னு உக்கார வச்ச பாத்திரம் எல்லாம் அங்க கெடைச்சது. ஆனா எனக்கு அதுல ரொம்பப் புடிச்சது 2004-ல தொல்லியல் துறை தோண்டும்போது கெடைச்ச ஒரு பான ஓடு. அதுல ஒரு பொண்ணு நிக்கா, பக்கத்துல நெல்லுக் கதிரு, ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. வரைஞ்சது இல்ல, மண்ண உருட்டி ஒட்டி எழுப்புனது. தாத்தா அண்ணாவிக்குக் கைய ஒட்டுறாவல்லா, அதே வித்தைதான். அங்க கெடைக்கிற கறுப்பு சிவப்புப் பானைகளும் அப்பிடித்தான், ஒரு பாகம் காத்து பட்டு செவந்து ஒரு பாகம் காத்து படாம கறுத்தது. தாமிரபரணிக்கரையில யாரோ ஒரு பொம்பளையோ ஆம்பளையோ ஆத்தோரத்துல நின்ன கொக்கப் பாத்துட்டு வந்து, மண்ணுக்குள்ள பொதைக்கப் போற பானைக்கு இவ்வளவு அக்கறையா அலங்காரம் செஞ்சிருக்காவ. பொதைச்ச பிறகு யாரு பாக்கப் போறா? தாத்தாகிட்ட அந்த ஓட்டோட படத்த மொபைல்ல காட்டுனேன், பெருசாக்கி பெருசாக்கிப் பாத்துட்டு "கொக்கு கழுத்துல பெருவிரல வச்சு அமுக்கியிருக்காவ"ன்னாவ, வேற எதுவும் சொல்லல, மொபைலத் திருப்பித் தரவும் ரொம்ப நேரம் ஆச்சு.

இப்பம் கொஞ்சம் நடைமுறையப் பேசிருவோம், ஏன்னா "அருமை, சூப்பர்"னு சொல்லிட்டு மட்டும் போனா அவிய வீட்டுல அடுப்பு எரியாது. மண்ணு எடுக்கிறதே பெரிய பாடா இருந்துச்சு, குளத்துல ஒரு வண்டி மண்ணு எடுக்க கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு, 2024-ல தாசில்தார் அனுமதியே போதும்னு அரசாங்கம் மாத்துனது பெரிய உதவி. அடுத்தது மழை. ஐப்பசி கார்த்திகையில தொழில் கெடையாது, மண்ணும் காயாது சூளையும் வைக்க முடியாது, மழைக்கால நிவாரணம்னு வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை அரசாங்கம் தருது, அத வச்சு எத்தன நாளு ஓட்டுறது. அந்த நேரத்துல வெளக்கு வேணும் பொம்மை வேணும்னு போயி நின்னா அவியளும் பாவம் என்ன செய்வாவ. வேணுங்கிறவங்க வெயில் காலத்துலயே சொல்லி வையுங்க, முன்பணம் குடுங்க.

டவுன்ல இருந்து ஒரு கடைக்காரர் வந்து இந்த வில்லுப்பாட்டு செட்டுக்கு அச்சுப் பொம்மை வெலை கேட்டுருக்காரு, குடுத்தா எனாமல் பெயின்ட் அடிச்சு பளபளன்னு ஆக்கிருவேன்னு வேற சொல்லியிருக்காரு. அச்சுல எடுக்கிற பொம்மைய நான் கொறைவா சொல்லல, கொலுவுக்கு நாங்களும் வாங்குறதுதான், அதுக்கும் பாடு இருக்கு. ஆனா அச்சுல ஒரே முகம் நூறு தடவ வரும், இதுல தாளக்காரப் பையன் ஒரே ஒருத்தன்தான், இன்னொரு தடவ செஞ்சாலும் அவன் வேற பையனாத்தான் இருப்பான். அந்தத் தோலு மினுக்கத்துக்கு மேல எனாமல அடிச்சா ஆச்சி கூழாங்கல்லுல தேச்சது அம்புட்டும் போச்சு. தாத்தா குடுக்கல. விக்கிறதுக்கு இல்லன்னு இல்ல, வெலை சரியா வந்தா குடுப்பாவ, குடுக்கணும், சும்மா வீட்டுல வச்சு அழகு பாக்க அவியளுக்கும் வசதி இல்ல. வாங்க நெனைக்கிறவங்க வெலை கேக்குறதுக்கு முன்னாடி ஒரு பொம்மைய எடுத்துத் திருப்பிப் பாருங்க, அப்புறம் வெலையப் பத்தி நீங்களே பேச மாட்டீங்க. பத்திரம், ரெண்டு கையால எடுக்கணும், ஒரு கைய அடியில குடுக்கணும், தலையப் புடிச்சுத் தூக்கக் கூடாது.

வாங்கலன்னாலும் போயிப் பாருங்க. பிள்ளைகளக் கூட்டிட்டுப் போங்க. எங்க அக்கா மக அங்க வந்து ஒரு உருண்ட மண்ண வாங்கி ஏதோ ஒண்ணு புடிச்சா, கோழின்னு சொன்னா, தாத்தா அத வாங்கிப் பாத்துட்டு, "கோழி நிக்கணும்னா வாலு இன்னும் கொஞ்சம் கனமா இருக்கணும், மூஞ்சி இழுக்குது பாரு"ன்னு அவகிட்ட பெரிய மனுசிகிட்ட பேசுற மாதிரி பேசுனாவ. அவளும் வாலுக்கு மண்ணு வச்சா. நின்னுச்சு.

அடுத்து தாத்தா கணியான் கூத்து செட்டு செய்யப் போறாவ, அதுவும் நம்ம கொடையில நடக்கிற கூத்துதான். அண்ணாவி, மகுடங்கிற தோல் வாத்தியம் அடிக்கிற ரெண்டு பேரு, பொம்பள வேஷங்கட்டி ஆடுற ரெண்டு பேரு. ஆடுறவுங்க நிக்கிற பொம்மைங்கிறதால பாரத்த எப்பிடி எறக்குறதுன்னு இப்பமே மண்ணுல சின்னச் சின்னதா கால் மட்டும் செஞ்சு செஞ்சு பாத்துட்டு இருக்காவ, பாவாடை விரிப்பு தரையத் தொட்டா அதுலயே நிக்க வச்சிரலாம், ஆனா அப்பிடி செஞ்சா சலங்கை கட்டுன காலு தெரியாதேன்னு அவியளுக்கு மனசு வரல. மகுடத்தப் புடிக்கிற கையிலதான் இன்னும் சந்தேகம் இருக்கு. உச்ச மகுடத்துக்கும் மந்த மகுடத்துக்கும் புடி ஒண்ணா வேறயா, நெஞ்சோட அணைச்சா தோள்ல சாச்சா, அடிக்காத கை விரல் தோல்ல எங்க இருக்கும், இதெல்லாம் பக்கத்துல இருந்து எடுத்த போட்டோ வேணும்னு கேக்காவ, அதுலயும் அந்தக் காலத்துக் கூத்து போட்டோன்னா ரொம்ப நல்லது. உங்க ஊரு கொடையில எடுத்தது யார்கிட்டயாவது பழைய ஆல்பத்துல இருந்தா சொல்லுங்க, பின்பக்கமா நின்னு எடுத்த போட்டோவா இருந்தாலும் பரவால்ல, தாத்தாவுக்கு முதல்ல அதுதான் வேணும்.